இரண்டு மடங்கு நல்லா செய்யணுமா?



நம் வீடுகளில் பலர் கேட்டு வளர்ந்த ஒரு பேச்சு உண்டு. "மத்தவங்க எண்பது எடுத்தா போதும். நீ தொண்ணூத்தஞ்சு எடுக்கணும். அப்பத்தான் உன்னைத் திரும்பிப் பார்ப்பாங்க." அப்பா சொல்லியிருப்பார், மாமா சொல்லியிருப்பார், டியூஷன் டீச்சர் சொல்லியிருப்பார். எஸ்.பி.எம். முடிவு வரும் சமயத்தில் இந்தப் பேச்சு இன்னும் சத்தமாகக் கேட்கும். சொல்பவர்கள் நம் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையில் பட்டது அப்படி.

இந்தப் பேச்சு சரியா? புத்திமதியாகச் சரியா என்பது ஒரு கேள்வி, நியாயமாகச் சரியா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரித்துப் பார்க்க ஓர் உதாரணம் வேண்டும். நான் எடுத்துக்கொண்டது கூடைப்பந்து. ஹாஸ்டல் கோர்ட்டில் சாயங்காலம் ஆடுவதோடு சரி, நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் ஒரு ஆட்டக்காரரின் கதை ரொம்ப நாளாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது.

அவர் பெயர் ஜெரமி லின். 2012 பிப்ரவரியில் நியூயார்க் நிக்ஸ் அணிக்காக ஆடி உலகம் முழுக்கப் பேசப்பட்டவர் என்று சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். நான் பேச வந்தது அதற்கு முந்தைய கதை. உயர்நிலைப்பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போன கதை.

லின் 1988-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் தைவானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள். அப்பா ஒரு கம்ப்யூட்டர் பொறியாளர். கூடைப்பந்து மேல் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். டி.வி.யில் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, மூன்று பிள்ளைகளையும் பக்கத்து ஒய்.எம்.சி.ஏ. கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினார். லின் அதில் நடுப்பிள்ளை.

பாலோ ஆல்டோ உயர்நிலைப்பள்ளியில் கடைசி வருடம் லின்தான் கேப்டன். அந்த 2005-06 பருவத்தில் அவர்கள் அணி 32 ஆட்டங்களில் வென்று ஒன்றே ஒன்றில் தோற்றது. மாநில இரண்டாம் டிவிஷன் இறுதியாட்டத்தில் எதிரணி, நாடறிந்த மேட்டர் டே பள்ளி. அந்தப் பெரிய பள்ளியை 51-47 என்று வீழ்த்தினார்கள். அந்த டிவிஷனில் வட கலிபோர்னியாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது லின்னுக்குக் கிடைத்தது.

இப்படி ஒரு பையனுக்கு அமெரிக்காவில் அடுத்து என்ன நடக்கும்? கல்லூரிகள் தேடி வரும். முதல் டிவிஷன் கல்லூரி அணி ஒவ்வொன்றும் அந்தக் காலத்தில் 13 பேருக்கு முழு விளையாட்டு உதவித்தொகை கொடுக்கலாம். முதல் டிவிஷனில் 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை ஆயிரம் இடம்! லின்னுக்கு வந்த உதவித்தொகை எத்தனை? பூஜ்யம். ஒன்றுகூட இல்லை.

அவரே தன் ஆட்டத்தை டி.வி.டி.யில் பதிவு செய்து, ரெஸ்யூமே சேர்த்து, கல்லூரிகளுக்கு அனுப்பினார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் அவர் பள்ளிக்கு எதிரே, ரோட்டைக் கடந்தால் வந்துவிடும். அங்கிருந்தும் உதவித்தொகை வரவில்லை. மேற்குக் கரைப் பெரிய கல்லூரிகள் சொன்னது இதுதான்: வேண்டுமானால் சொந்தச் செலவில் சேர்ந்து, அணியில் இடம் கிடைக்கிறதா என்று முயற்சி செய்து பார். அணியில் இடம் உறுதி என்று சொன்னவை ஹார்வர்டும் பிரவுனும். இரண்டும் ஐவி லீக் கல்லூரிகள், அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. லின் ஹார்வர்டுக்குப் போனார். முதல் வருடம் ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 4.8 புள்ளிகள், இரண்டாம் வருடம் 12.6, மூன்றாம் வருடம் 17.8. 2009 டிசம்பரில், பலம் வாய்ந்த கனெக்டிகட் அணிக்கு எதிராக 30 புள்ளிகள் போட்டார். பொருளாதாரத்தில் பட்டமும் வாங்கினார்.

இப்போது என் கேள்வி. 2006-ல் லின்னுக்கு யாராவது அநியாயம் செய்தார்களா?

அவசரப்பட்டு 'ஆமாம், இனவெறி' என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பயிற்சியாளர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு கோடைக்காலத்தில் அவர்கள் நூற்றுக்கணக்கான பையன்களைப் பார்க்க வேண்டும். ஒருவனுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிசு. அந்த ஐந்து நிமிடத்தில் கண்ணில் படுவது என்ன? யார் ரொம்ப உயரமாகக் குதிக்கிறான், யார் ரொம்ப வேகமாக ஓடுகிறான். எப்போது பந்தைக் கொடுக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்து ஆடும் பையன் ஐந்து நிமிடத்தில் தெரிய மாட்டான். யாரும் லின்னை வெறுக்கவில்லை. பார்த்தார்கள், கண்ணில் படவில்லை, அடுத்த பையனுக்குப் போய்விட்டார்கள்.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு, அதை மறைத்தால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. அதே 2006-ல் கல்லூரிக்குப் போன இன்னொரு பையன் ஸ்டீபன் கரி. கறுப்பினத்தவர். அவர் அப்பா டெல் கரி, பல வருடம் என்.பி.ஏ.யில் ஆடியவர். அப்படிப்பட்ட வீட்டுப் பையனுக்கே பெரிய கல்லூரிகள் உதவித்தொகை கொடுக்கவில்லை. உடம்பு ஒல்லி, உயரம் போதாது என்று நினைத்தார்கள். அப்பா ஆடிய வர்ஜீனியா டெக்கிலேயே, சொந்தச் செலவில் வா என்றுதான் சொன்னார்கள். கரி, டேவிட்சன் என்ற சிறிய கல்லூரிக்குப் போனார். 2008-ல் அந்தச் சிறிய அணியை நாடளாவிய போட்டியின் கடைசி எட்டு அணிகள் வரை கொண்டு போனார். பிறகு அவர் என்ன ஆனார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, கரியையும்தான் கோட்டை விட்டார்கள். அப்படியிருக்க, லின் விஷயத்தில் மட்டும் இனம் என்று எப்படிச் சொல்வது? பயிற்சியாளர்கள் எல்லோரையும் தப்பாகத்தான் கணிக்கிறார்கள் போல!

இங்கேதான் நான் படிக்கும் படிப்பு எனக்கு உதவியது. பொறியியலில் முதல் வருட ஆய்வுக்கூடத்திலேயே இரண்டு வகைப் பிழைகளைச் சொல்லித் தருவார்கள். ஒன்று தற்செயல் பிழை. ஒரு தடவை கொஞ்சம் கூடக் காட்டும், ஒரு தடவை கொஞ்சம் குறைத்துக் காட்டும். பல தடவை அளந்து சராசரி எடுத்தால் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். மற்றொன்று கருவியிலேயே இருக்கும் பிழை. ஒரு வெர்னியர் அளவுகோலின் பூஜ்யம் தள்ளி இருந்தால், நீங்கள் நூறு தடவை அளந்தாலும் நூறு தடவையும் ஒரே பக்கமாகத் தப்புக் காட்டும். சராசரி எடுத்துப் பிரயோஜனமே இல்லை. அளப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் தப்புத் தப்புதான்.

மனிதக் கண்ணும் ஒரு கருவி. அதில் இந்த இரண்டாம் வகைப் பிழை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதே கண்ணை வைத்துச் சோதித்தால் தெரியாது. வேறொரு கருவி வேண்டும்.

லின் விஷயத்தில் அந்த வேறு கருவி கொஞ்சம் தாமதமாக வந்தது. கல்லூரி முடித்து 2010-ல் என்.பி.ஏ. தேர்வில் 60 பேரை எடுத்தார்கள், லின் அதில் இல்லை. அப்போது ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் பொது நிர்வாகியாக இருந்தவர் டேரல் மோரி. ஆட்டக்காரர்களைக் கணிக்கப் புள்ளிவிவர மாடல் பயன்படுத்துவதில் முன்னோடி. அவர் பிற்பாடு எழுத்தாளர் மைக்கேல் லூயிஸிடம் சொன்னது 2016-ல் வெளிவந்த ஒரு புத்தகத்தில் இருக்கிறது. மோரியின் மாடல் லின்னை ஏறக்குறைய 15-ஆவது இடத்தில் எடுக்கலாம் என்று காட்டியிருந்தது. ஆனால் நேரில் பார்த்த நிபுணர்கள் எல்லோருக்கும், மோரி உட்பட, இந்தப் பையனிடம் உடல் வேகம் இல்லை என்றே பட்டது. மாடலை ஒதுக்கிவிட்டுக் கண்ணை நம்பினார்கள். பின்னால், ஆட்டக்காரர்கள் எடுத்து வைக்கும் முதல் இரண்டு அடிகளின் வேகத்தைக் கருவியால் அளக்க ஆரம்பித்தபோது, அளக்கப்பட்டவர்களில் லின் மிக வேகமானவர்களில் ஒருவர் என்று தெரிந்தது. வேகமே இல்லை என்று எல்லோரும் சொன்ன அதே பையன்! ஏன் அப்படித் தெரிந்தது என்று யோசித்த மோரிக்கு, அவர் ஆசியர் என்பதைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை.

கரியைப் பற்றிச் சொன்னது, ஒல்லியாக இருக்கிறான் என்று. அவர் உண்மையிலேயே ஒல்லியாகத்தான் இருந்தார். இருப்பதைப் பார்த்து, அதிலிருந்து தப்பான முடிவுக்கு வந்தார்கள். லின்னிடம், இருப்பதையே பார்க்க முடியவில்லை. ஓடுவது கண்முன்னே நடக்கிறது, ஆனால் மண்டைக்குள் 'இந்த முகத்துக்கு வேகம் கிடையாது' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால் கண் அதைப் பதிவு செய்யவில்லை. அதனால்தான் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது என்கிறேன்.

இப்போது நம் பக்கம் வருவோம். நம் நாட்டில் வாடகை வீட்டு விளம்பரத்தில் இந்த இனத்தாருக்கு வீடு இல்லை என்று பகிரங்கமாக எழுதுகிறவர்கள் உண்டு. சிங்கப்பூரிலும் இந்தப் பிரச்சனை பேசப்பட்டிருக்கிறது. அது கோபம் வரவைக்கும், ஆனால் ஒரு வகையில் சுலபமானது. எழுத்தில் இருக்கிறது, படம் பிடித்துப் போடலாம், கேள்வி கேட்கலாம். கஷ்டமானது எழுத்தில் இல்லாத ஒன்று.

போன வருடம் எங்கள் பிரிவில் எல்லோரும் தொழிற்பயிற்சிக்கு இடம் தேடினோம். நானும் என் ஹாஸ்டல் நண்பனும் ஒரே செமஸ்டர், புள்ளிகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ரெஸ்யூமே கூட ஒரே மாதிரியில் சேர்ந்து தயாரித்தது. ஒரு நிறுவனத்துக்கு இரண்டு பேரும் ஒரே ராத்திரியில் அனுப்பினோம். அவனை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், எனக்குப் பதிலே வரவில்லை. ஏன்? அவன் மெயிலை முதலில் திறந்திருக்கலாம். ஒரே ஒரு இடம்தான் இருந்திருக்கலாம். என் பெயரைப் படித்ததும் கை அடுத்ததுக்குப் போயிருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிய ஒரு வழியும் இல்லை.

இந்தத் தெரியாமைதான் இதில் மோசமான பகுதி. தெரியாத இடத்தில் மனது ஒரு முடிவைத் தேடும். சிலர் 'எல்லாத்துக்கும் காரணம் இனம்தான், என்ன செஞ்சாலும் வேலைக்கு ஆகாது' என்று முடிவு கட்டுகிறார்கள். சிலர் 'நம்மகிட்டதான் குறை, நமக்கு அவ்வளவுதான் தலையெழுத்து' என்று முடிவு கட்டுகிறார்கள். முதலாவது கசப்பாக்கும், இரண்டாவது கூனிக்குறுக வைக்கும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. கையில் ஆதாரம் இல்லாமல் நிச்சயமாகப் பேசுவது. லின் டி.வி.டி. அனுப்பியதில் எனக்குப் பிடித்தது இதுதான். காரணம் இன்னதென்று தெரிந்த பிறகு அடுத்த அடி வைக்கலாம் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. காரணம் தெரியாமலேயே செய்ய வேண்டிய வேலை இருந்தது, அதைச் செய்தார்.

சரி, அப்படியானால் வீட்டில் சொல்லும் புத்திமதி சரிதானே? லின் இரண்டு மடங்கு நல்லா ஆடினார், கடைசியில் ஜெயித்தார், அவ்வளவுதானே?

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். லின்னின் கதையை 'உழைச்சா யாரும் தடுக்க முடியாது' என்ற பாடமாகச் சொல்வதில் பெரிய ஓட்டை இருக்கிறது. அவருக்கு ஹார்வர்ட் கதவு திறந்ததற்கு ஆட்டம் மட்டும் காரணமில்லை. பள்ளியில் அவருடைய மதிப்பெண் சராசரி 4.2. படித்த பெற்றோர், நல்ல பள்ளி, பழக்கிவிட அப்பா, இவ்வளவும் இருந்தது. அதே அளவு நன்றாக ஆடி, ஆனால் அந்த மதிப்பெண் இல்லாத ஒரு ஆசியப் பையனுக்கு என்ன ஆகியிருக்கும்? தெரியாது, ஏனென்றால் அவன் பெயரே நமக்குத் தெரியாது. தப்பித்து வந்தவர்களின் கதை மட்டும்தான் நம் காதுக்கு வரும். அதை மட்டும் வைத்து வழி சரியாக இருக்கிறது என்று சொல்வது, கரை சேர்ந்த படகை மட்டும் எண்ணிவிட்டுக் கடல் அமைதியாக இருந்தது என்று சொல்வதைப் போன்றது.

அதைவிட முக்கியமாக ஒன்று. லின் அசாதாரணமான ஆட்டக்காரர். அவர் கடைசியில் கண்டுகொள்ளப்பட்டார் என்பது நியாயத்துக்குச் சாட்சி ஆகாது. நியாயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் சாதாரணமானவனைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரி அணியிலும் 13 பேர் என்றேனே, அதில் எல்லோரும் நட்சத்திரங்களா என்ன? எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது ஆள் சுமாராக ஆடுகிறவன்தான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், அப்பப்ப ஐந்து நிமிடம் இறங்குவான், படிப்புச் செலவு கல்லூரியோடது. அந்தச் சுமாரான இடம் சுமாரான ஆசியப் பையனுக்கும் அதே சுலபத்தில் கிடைக்குமா? கிடைத்தால் நியாயம் இருக்கிறது. மாநிலச் சாம்பியன் அணியின் கேப்டனுக்கே கிடைக்கவில்லை என்றால், சுமாரானவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

'நீ ரெண்டு மடங்கு நல்லா செய்யணும்' என்பது இன்றைய நிலைமையில் புத்திசாலித்தனமான யோசனையாக இருக்கலாம். மழை வரும் என்று தெரிந்தால் குடை எடுத்துக்கொண்டு போ என்கிற மாதிரி. ஆனால் அதையே நியாயமாக ஏற்றுக்கொண்டால், தொண்ணூற்றைந்து எடுக்க முடியாமல் எண்பது எடுத்த நம் தம்பி தங்கைகளை நாமே குற்றவாளி ஆக்குகிறோம். எண்பது எடுத்த பிள்ளைக்கு, எண்பது எடுத்த மற்ற பிள்ளைக்குக் கிடைப்பது கிடைக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். ஆனால் சராசரி மனிதனுக்குச் சராசரி மரியாதை என்பது சின்ன விஷயமில்லை. நம்மில் பெரும்பாலோர் சராசரி மனிதர்கள்தானே.

இனி முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்றால், அநியாயம் நடந்ததா இல்லையா?

நடந்தது என்றே நான் நினைக்கிறேன். குற்றம் வேறு, கடமை வேறு. குற்றம் என்பது செய்தவனின் எண்ணத்தைப் பார்க்கும். அந்தப் பயிற்சியாளர்களின் எண்ணத்தில் கெட்டது இல்லாமல் இருந்திருக்கலாம், அவர்களைக் கூண்டில் ஏற்ற எனக்கு ஆசை இல்லை. ஆனால் எண்ணம் நல்லது என்பதால் நடந்த இழப்பு இல்லாமல் போய்விடாது. தராசு தப்பென்று தெரியாத வரைக்கும் கடைக்காரர் மேல் குற்றம் இல்லை. தெரிந்த பிறகும் அதே தராசில் நிறுத்தால்? அப்போதும் 'நான் வேணும்னு செய்யலையே' என்று சொல்ல முடியுமா? கண் தப்புக் காட்டும் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், அதைச் சரிபார்ப்பது கடமை ஆகிவிடுகிறது. இந்தக் கதை தெரிந்த நமக்கும் அந்தக் கடமை வந்துவிட்டது.

அந்தக் கடமை எப்படி இருக்கும் என்பதற்கு இந்தக் கதையிலேயே ஒரு ஆள் இருக்கிறார். 2005 ஜூலையில் ஹார்வர்டின் துணைப் பயிற்சியாளர் பில் ஹோல்டன் லின்னைப் பார்த்தார். உயரம் சுமார் 190 சென்டிமீட்டர், படிப்பும் நன்று. ஆனால் ஆட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. இவன் மூன்றாம் டிவிஷனுக்குத்தான் சரிப்பட்டு வருவான் என்று லின்னின் பள்ளிப் பயிற்சியாளரிடமே சொல்லிவிட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் அதே வாரம், இன்னும் கடுமையான எதிரிகளோடு லின் ஆடிய வேறோர் ஆட்டத்தையும் அவர் பார்த்தார். அங்கே லின் கிடைத்த சந்தர்ப்பத்தில் எல்லாம் கூடையை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தார். ஹோல்டன் தன் முடிவை மாற்றிக்கொண்டார்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஹோல்டன் ஒரே மாதிரி ஆட்டத்தை மறுபடி பார்க்கவில்லை. வேறு நிலைமையில் பார்த்தார். அதே கருவி, அதே நிலைமை என்றால் அதே பிழைதான் வரும். அடுத்தது, தன் வாயால் சொன்ன தீர்ப்பைத் தானே திருப்பிப் போட்டார். ஒருவனைப் பற்றி நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்ட பிறகு, அதை மாற்றிக்கொள்வது நமக்கு எவ்வளவு கௌரவக் குறைச்சலாகப் படும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இதெல்லாம் அமெரிக்கப் பயிற்சியாளர்கள் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நாமும் தேர்வு செய்கிறவர்கள்தான். எங்கள் பிரிவில் ஒரு ப்ராஜெக்ட் குழுவில் ஒரு தம்பி இருந்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவன், ஆங்கிலம் பேசும்போது கொஞ்சம் தடுமாறுவான். முதல் கூட்டத்திலேயே அவனுக்குப் போஸ்டர் வேலை என்று ஆகிவிட்டது. அந்தக் குழுவில் நம் ஆட்களும் இருந்தார்கள். யாருக்கும் அவன் மேல் கோபம் இல்லை, சொல்லப்போனால் அவனுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான் கொடுத்தார்கள். செமஸ்டர் முடியும்போது அவனே, "எனக்குக் கோடிங் எல்லாம் வராதுண்ணே" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். வருமா வராதா என்று யாருமே பார்த்ததில்லை! தப்பான அளவு சில சமயம் தன்னைத் தானே உண்மை ஆக்கிக்கொள்ளும். ஆடவிடாமல் பெஞ்சில் உட்கார வைத்தால் ஆட்டம் எப்படி வளரும்?

அடுத்த செமஸ்டர் வேறு குழு. அதில் ஒரு சீனியர் அக்கா, ஒரு சென்சாரிலிருந்து தகவல் படிக்கும் சின்னப் பகுதியை மட்டும் பிரித்து, "நீ எழுதிப் பாரு தம்பி, புதன்கிழமை சேர்ந்து பார்ப்போம்" என்று அவனிடம் கொடுத்தார். அவன் எழுதினான். ஓடியது. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், மற்ற இரண்டாம் வருட மாணவர்கள் எழுதுவதைப் போல இருந்தது. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. அவன் மேதை என்று நிரூபித்த பிறகு இடம் கொடுக்கவில்லை. சாதாரணமான ஒரு மாணவனுக்குக் கிடைக்க வேண்டிய சாதாரணமான வாய்ப்பைக் கொடுத்தார்கள், அவன் சாதாரணமாகச் செய்தான்.

நம் இளைஞர் கூட்டங்களிலும் முகாம்களிலும் இது நடக்கிறது. நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைக்கு மைக் கொடுக்கிறோம், அதிகம் பேசாத பிள்ளைக்கு நாற்காலி அடுக்கும் வேலை கொடுக்கிறோம். நாற்காலி அடுக்குவது கௌரவமான வேலைதான், ஆனால் மூன்று வருடமாக ஒரே ஆள் அதையே செய்தால் யாராவது ஒருவர் 'ஏன்?' என்று கேட்க வேண்டும். ஃபுட்சால் அணி எடுக்கும்போது, முதல் பத்து நிமிடம் பார்த்து ஒதுக்கிய பையனை இன்னொரு நாள், இன்னொரு இடத்தில் ஆடவிட்டுப் பாருங்கள். அவன் அப்போதும் சரிப்படாமல் போகலாம். பரவாயில்லை. இரண்டாவது பார்வை என்பது எல்லோரையும் தேர்ந்தெடுப்பது இல்லை. 'இல்லை' என்று சொல்வதற்கு முன் அந்த 'இல்லை' எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது.

இதற்குச் செலவு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேரம் போகும். சில சமயம் ஒரு ஆட்டம் தோற்கும், ஒரு நிகழ்ச்சியில் புது அறிவிப்பாளர் தடுமாறுவார். அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளாமல், மற்றவர்கள் மட்டும் நம்மை இரண்டாவது தடவை பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நமக்கு வேண்டிய நியாயத்தை நாம் தேர்வு செய்யும் இடத்தில் முதலில் கொடுத்துப் பழக வேண்டும். பெரிய கம்பெனியின் நேர்காணல் மேசையில் நாளைக்கு நம்மில் சிலர் உட்காரப் போகிறோம். அந்தப் பழக்கம் அன்றைக்குத் திடீரென்று வந்துவிடாது.

வீட்டில் தம்பி தங்கைக்கு என்ன சொல்வது? 'நல்லா செய்' என்று சொல்லுங்கள், உழைப்புக்கு மாற்று இல்லை. 'சில இடத்துல உன்கிட்ட அதிகம் கேட்பாங்க' என்று உண்மையையும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும். ஆனால் அதோடு நிறுத்தாமல், 'அப்படிக் கேட்கிறது நியாயம் இல்லை, அது உன் குறையும் இல்லை' என்ற வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எண்பது எடுத்துவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் அதிகம் தேவைப்படும்.